பூட்டு யார் கையில்? கார்ட்ரிவிஷன், டிவ்எக்ஸ், ஃபிளெக்ஸ்பிளே: ஓர் ஒப்பீடு

ஒரு திரைப்படத்தை வீட்டில் ஒரே ஒரு முறை பார்த்தால் போதும் என்று நினைப்பவருக்கு அதை முழு விலை கொடுத்து வாங்குவது கட்டுப்படியாகாது. வாடகைக்கு எடுத்தாலோ, கெடு தேதிக்குள் கடைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் தாமதக் கட்டணம் ஏறிவிடும். இந்த இரண்டு சங்கடங்களுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டுபிடிக்க அமெரிக்க நிறுவனங்கள் 1970-களிலிருந்தே முயன்று வந்தன. படத்தை மக்கள் கையில் கொடுத்துவிடுவது, ஆனால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பார்க்க முடியாதபடி ஒரு பூட்டையும் சேர்த்துக் கொடுப்பது என்பதே அந்த முயற்சிகளின் பொதுவான கருத்து. 1972-இல் கார்ட்ரிவிஷன், 1998-இல் டிவ்எக்ஸ், 2003-இல் ஃபிளெக்ஸ்பிளே என்று வந்த மூன்றுமே சந்தையில் நிலைக்கவில்லை. ஆனாலும் அவற்றை இன்று அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன். இணையத்தில் ஒரு படத்தின் பக்கத்தைத் திறந்தால் ‘வாடகைக்கு எடு’, ‘வாங்கு’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. அவற்றில் எதை அழுத்துவது என்று தீர்மானிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் அனைத்தும் இந்த மூன்று தோல்விகளிலும் ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டன.

இவற்றை விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். என் பார்வையில் முக்கியமானவை வேறு. பூட்டு எங்கே இருக்கிறது, கெடு எப்போது ஓடத் தொடங்குகிறது, பார்ப்பவருக்கு இடையில் தடங்கல் வந்தால் என்ன ஆகிறது, விற்ற நிறுவனம் கடையை மூடிவிட்டால் வாங்கியவர் கையில் என்ன மிஞ்சுகிறது என்பவையே அவை. கடைசிக் கேள்வியை வாங்கும் நேரத்தில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் மற்ற மூன்றையும்விட அதுதான் முடிவை மாற்றக்கூடியது.

கார்ட்ரிவிஷனைச் சுருக்கமாகவே பார்க்கலாம். அவ்கோ நிறுவனத்தின் கிளையான கார்ட்ரிட்ஜ் டெலிவிஷன் உருவாக்கிய இந்த அமைப்பு 1972 ஜூனில் சியர்ஸ் போன்ற பெரிய கடைகளில் விற்பனைக்கு வந்தது. தொலைக்காட்சியும் கேசட் கருவியும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய பெரிய சாதனம் அது. விலை 1,300 டாலருக்கும் மேல். விலைக்கு விற்கப்பட்ட கேசட்டுகள் கறுப்பு நிறத்திலும், வாடகைக்கு வந்த திரைப்படக் கேசட்டுகள் சிவப்பு நிறத்திலும் இருந்தன. சிவப்புக் கேசட்டை வீட்டுக் கருவியில் பின்னோக்கிச் சுற்ற முடியாது. நாடா முன்னோக்கி மட்டுமே ஓடும். படம் முடிந்ததும் அதைக் கடைக்குத் திருப்பித் தந்தால், அங்கிருந்த தனிக் கருவியில்தான் சுற்றி அடுத்தவருக்குக் கொடுக்க முடியும்.

இது நாள், மணிக் கணக்குள்ள கெடு அல்ல. ஒரு காட்சி என்ற கணக்கு. அதனால் ஒரு நன்மை இருந்தது. பாதிப் படத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தாலும் பூட்டு விழாது. ஆனால் ஒரு வசனத்தைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான், திரும்பப் போய்க் கேட்க வழியில்லை. இதைவிடப் பெரிய குறை என்னவென்றால், கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொல்லை அப்படியே இருந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் தனித்தனியாகக் காசு வந்துவிட வேண்டும் என்ற படத் தயாரிப்பு நிறுவனங்களின் கவலையை மட்டுமே அந்தப் பூட்டு தீர்த்து வைத்தது. குடும்பத்துக்கு எதையும் தீர்க்கவில்லை. நாடாவைச் சிக்கனப்படுத்துவதற்காக ஒளிப்புலங்களில் (காட்சியின் ஒவ்வொரு சட்டகமும் பிரிக்கப்படும் பாதிகளில்) மூன்றில் ஒன்றை மட்டும் பதிவு செய்து, அதையே மூன்று முறை திருப்பிக் காட்டும் உத்தியைக் கையாண்டதால் படத்தில் அசைவுகள் வெட்டி வெட்டித் தெரிந்தன. 1973 ஜூலைக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

டிவ்எக்ஸ் வேறு தரத்தைச் சேர்ந்த முயற்சி. பின்னாளில் கணினிகளில் பரவிய, அதே பெயரைத் தாங்கிய வீடியோக் கோப்பு வகைக்கும் இதற்கும் தொழில்நுட்பத் தொடர்பு கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுப் பொருள் விற்பனை நிறுவனமும் லாஸ் ஏஞ்சல்ஸில் திரைத்துறைக்காகப் பணியாற்றிய ஒரு சட்ட நிறுவனமும் கூட்டாக இதைத் தொடங்கின. 1998 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவிலும் வர்ஜீனியாவின் ரிச்மண்டிலும் சோதனையாக விற்று, செப்டம்பரில் நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். டிவிடி அமெரிக்கச் சந்தைக்கு வந்து அப்போது ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது.

டிவ்எக்ஸ் இயங்கிய விதம் நுட்பமானது. கடையில் சுமார் நாலரை டாலருக்கு ஒரு வட்டை வாங்குவீர்கள். அது உங்கள் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடு ஓடத் தொடங்காது. முதன்முறையாக அதைக் கருவியில் இட்டு ஓடவிடும் அந்த நொடியிலிருந்து 48 மணி நேரம் கணக்கு. அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். பிறகு மறுபடியும் பார்க்க விரும்பினால் மூன்றேகால் டாலர் அளவில் கூடுதலாகக் கட்டி இன்னொரு 48 மணி நேரம் பெறலாம்; பெரும்பாலான வட்டுகளுக்கு இருபது டாலர் அளவில் கட்டினால் ‘சில்வர்’ என்ற நிலைக்கு உயர்த்தி, சொந்தக் கணக்கில் எத்தனை முறையும் பார்த்துக்கொள்ளலாம். பார்த்து முடித்த வட்டைத் தூக்கி எறியலாம், அல்லது நண்பருக்குக் கொடுக்கலாம். நண்பரின் கருவி அவருடைய கணக்கில் கட்டணத்தை எழுதிக்கொள்ளும். கடைக்குத் திரும்பப் போக வேண்டியதே இல்லை.

இவ்வளவும் நடப்பதற்கு ஒவ்வொரு வட்டின் உள்வட்டத்திலும் ஒரு தனி வரிசை எண் பட்டைக்கோடாகப் பொறிக்கப்பட்டிருந்தது. படம் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தது, அதாவது அனுமதியின்றிப் படிக்க முடியாதபடி குறிகளாக மாற்றப்பட்டிருந்தது. கருவியைத் தொலைபேசி இணைப்பில் மாட்டி வைக்க வேண்டும். அது அவ்வப்போது தானாகவே நிறுவனத்தின் கணினியை அழைத்து, எந்த வட்டு எப்போது ஓடியது என்ற கணக்கை ஒப்படைக்கும். அதாவது வட்டு உங்கள் வீட்டில் இருந்தது, கருவியும் உங்கள் காசில் வாங்கியது, ஆனால் பூட்டின் சாவி மட்டும் இன்னொருவர் அலுவலகத்தில் இருந்தது. வீட்டில் யார் என்ன படம் பார்த்தார்கள் என்ற பட்டியலும் அங்கே சேர்ந்தது. அன்றைய மக்களை அது உறுத்தியதில் வியப்பில்லை.

காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். டிவ்எக்ஸ் ஓடும் கருவி சாதாரண டிவிடி கருவியைவிடச் சுமார் 100 டாலர் கூடுதல் விலையில் விற்றது. ஒரு முறை மட்டும் பார்க்கும் படத்துக்கு நாலரை டாலர். வாடகைக் கடையின் கட்டணத்தைவிட அதிகம் என்றாலும், தாமதக் கட்டணமும் இரண்டாவது பயணமும் மிச்சம். இரண்டு முறை பார்த்தால் ஏழே முக்கால் டாலர். சில்வராக மாற்றினால் மொத்தம் 25 டாலரைத் தொட்டுவிடும். ஏறக்குறைய அதே விலைக்கு, பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே, அதே படத்தின் சாதாரண டிவிடி கிடைத்தது. அந்த டிவிடியில் படம் திரையரங்கில் காட்டிய அகல வடிவிலேயே இருக்கும், உருவாக்கம் பற்றிய காட்சிகளும் இருக்கும். டிவ்எக்ஸ் வட்டுகளில் பெரும்பாலானவை பழைய தொலைக்காட்சித் திரைக்காக ஓரங்களை வெட்டிய வடிவில், கூடுதல் இணைப்பு எதுவுமின்றி வந்தன. ஆகவே ஒரு முறை மட்டும் பார்ப்பவருக்கு டிவ்எக்ஸ் நியாயமானது, மறுபடி பார்ப்பவருக்கு நஷ்டமானது என்பதே நேர்மையான கணக்கு.

டிஸ்னி, ஃபாக்ஸ், பாரமவுண்ட், யுனிவர்சல், எம்ஜிஎம், டிரீம்வொர்க்ஸ் ஆகியவை படங்களைத் தந்தன. டிவிடியை உருவாக்குவதில் பங்கேற்ற வார்னரும் சோனியின் கொலம்பியாவும் தரவில்லை. வாடகைக் கடைக்காரர்களுக்கு இதில் வேலையே இல்லை என்பதால் அவர்கள் எதிர்த்தார்கள். சர்க்யூட் சிட்டியின் போட்டிக் கடைகளில் மிகச் சிலவே இதை விற்க முன்வந்தன. போட்டியாளரின் கணக்குப் புத்தகத்தில் தம் வாடிக்கையாளரைச் சேர்த்துவிட எந்தக் கடைக்காரர் விரும்புவார்? டிவிடி ஆர்வலர்களோ, சில படங்கள் டிவிடியில் வராமல் டிவ்எக்ஸில் மட்டும் வந்து, இளம் சந்தை இரண்டாகப் பிளந்துபோகும் என்று அஞ்சி இணையத்தில் கடுமையாகப் பிரசாரம் செய்தார்கள். அவர்களுடைய அச்சம் அளவுக்கு மீறியது என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதற்கு முன்பு வீட்டு வீடியோவில், ஒன்றின் கருவியில் மற்றொன்று ஓடாத பீட்டாமேக்ஸ், விஎச்எஸ் என்ற இரு கேசட் வகைகளுக்கிடையே நடந்த போட்டியில் தவறான கருவியை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

1999 ஜூன் 16 அன்று நிறுவனம் டிவ்எக்ஸை நிறுத்துவதாக அறிவித்தது. நாடு தழுவிய விற்பனை தொடங்கி ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. சர்க்யூட் சிட்டிக்கு வரிக்குப் பிந்தைய இழப்பு 114 மில்லியன் டாலர். கருவி வாங்கியவர்களுக்கு 100 டாலர் திருப்பித் தரப்பட்டது, சில்வருக்காகக் கட்டிய தொகையும் திருப்பித் தரப்பட்டது. நிறுவனம் இதில் நாணயமாகவே நடந்துகொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் 2001-இன் நடுப்பகுதியில் மையக் கணினி நிறுத்தப்பட்டபோது, நானூறுக்கும் மேற்பட்ட தலைப்புகளில் வெளியான அத்தனை வட்டுகளும் ஒரே சமயத்தில் ஓடாமல் போயின. கீறல் விழாத, நல்ல நிலையிலுள்ள வட்டை நல்ல நிலையிலுள்ள கருவியில் இட்டாலும் படம் வராது. அனுமதி கேட்கும் தொலைபேசி அழைப்பை எடுக்க மறுமுனையில் யாரும் இல்லை.

ஃபிளெக்ஸ்பிளே இதற்கு நேர் எதிரான வழியில் போனது. பூட்டைத் தொலைவிலிருந்து எடுத்து வட்டுக்குள்ளேயே வைத்தது. அதுவும் மின்னணுவியலால் அன்று, வேதியியலால். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடுகளைப் பசையால் ஒட்டிச் செய்வது. அந்தப் பசை அடுக்கில், ஆக்சிஜன் படாதவரை நிறமற்று இருக்கும் ஒரு சாயத்தைக் கலந்தார்கள். பள்ளி ஆய்வகங்களில் பயன்படும் மெத்திலீன் நீலத்தின் நிறமிழந்த வடிவம் அது. காற்றுப் புகாத உறையைக் கிழித்தவுடன் ஆக்சிஜன் பிளாஸ்டிக்கினூடே மெல்ல ஊடுருவிச் சாயத்தை அடைகிறது, சாயம் அடர்நீலமாகிறது. டிவிடி கருவி படிப்பதற்குப் பயன்படுத்துவது 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர். அந்த ஒளியைத்தான் இந்த நீலம் விழுங்குகிறது. பிரித்தெடுக்கும்போது சிவந்திருக்கும் வட்டு மணிக்கணக்கில் இருண்டு, இரண்டாம் நாள் முடிவில் கருத்துப்போய்விடும். அதன் பிறகு எந்தக் கருவியாலும் அதைப் படிக்க முடியாது.

டிஸ்னி 2003-இல் ‘ஈஸீ-டி’ என்ற பெயரில் சில நடுத்தர நகரங்களில் இதைச் சோதித்துப் பார்த்தது. ஐந்திலிருந்து ஏழு டாலர் வரை விலை. மளிகைக் கடை, மருந்துக் கடை, பெட்ரோல் நிலையம் எங்கும் விற்கலாம் என்பது திட்டம். பிறகு 2008-இல் ஸ்டேபிள்ஸ் என்ற எழுதுபொருள் கடைத் தொடர் 4.99 டாலருக்கு விற்றுப் பார்த்தது. இரண்டும் வேரூன்றவில்லை.

வாங்குபவரின் பக்கம் நின்று பார்த்தால் டிவ்எக்ஸைவிட இது பல வகைகளில் நேர்மையானது என்பது என் முடிவு. தனிக் கருவி தேவையில்லை, வீட்டிலுள்ள எந்த டிவிடி கருவியிலும் ஓடும். தொலைபேசி இணைப்பு வேண்டாம், கணக்கு வேண்டாம், யாரும் உங்களைக் கவனிக்கவில்லை. விற்ற நிறுவனம் மறுநாளே மூடப்பட்டாலும், நீங்கள் காசு கொடுத்த 48 மணி நேரம் உங்களுக்கு முழுமையாகக் கிடைக்கும். தரப்பட்ட வாக்குறுதி சிறியது, ஆனால் அதைக் காப்பாற்ற வேறு யாருடைய தயவும் தேவைப்படவில்லை.

அதன் குறைகளும் அந்த நேர்மையிலிருந்தே வருகின்றன. வேதிவினைக்குச் சலுகை காட்டத் தெரியாது. ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் படம் பார்க்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று நிறுத்திவிடுகிறார்கள்; மறுபடி உட்கார நேரம் கிடைப்பது திங்கட்கிழமைதான். கார்ட்ரிவிஷன் நாடா விட்ட இடத்திலேயே காத்திருக்கும். டிவ்எக்ஸ் கூடுதலாக மூன்றேகால் டாலர் கேட்கும், கொடுத்தால் திறந்துவிடும். ஃபிளெக்ஸ்பிளே வட்டோ கருத்துப்போயிருக்கும். இன்னொன்று வாங்குவதைத் தவிர வழியில்லை. உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் ஏறக்குறைய ஓராண்டுதான் தாங்கும் என்பதால், வாங்கிக் குவித்து வைக்கவும் முடியாது.

குப்பைதான் இதன் மிகப் பெரிய பிரச்சினை. இரண்டு நாள் பயன்பாட்டுக்காக ஒரு பாலிகார்பனேட் வட்டு, அதற்கு ஓர் உலோகப் பூச்சு, காற்றுப் புகாத உறை ஆகிய அத்தனையும் செய்து எறிவதைச் சுற்றுச்சூழல் அமைப்புகள் கண்டித்தன. மறுசுழற்சிக்காகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று நிறுவனம் பதில் சொன்னது. அந்தப் பதில் தன் அடித்தளத்தையே அறுத்துவிட்டது என்பதை அன்று பலரும் கவனிக்கவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே ஒரு பொருளை வாங்கியவர், அதைப் பொறுப்போடு அப்புறப்படுத்த விரும்பினால் மறுபடியும் எங்கேயாவது கொண்டுபோய்த்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த வரிசையில் மூவிபீம் என்று இன்னொன்றும் உண்டு. 2003-இல் டிஸ்னி தொடங்கிய இந்த ஏற்பாட்டில், பொதுத் தொலைக்காட்சி நிலையங்களின் ஒளிபரப்பு அலையோடு படங்களும் தரவாக வந்து வீட்டுப் பெட்டியில் சேரும். நூறு படங்கள் வரை எப்போதும் தயாராக இருக்கும். பார்க்கத் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் கெடு. 2006-இல் மறுபடி அறிமுகமாகி, மூவி கேலரி என்ற வாடகைக் கடைத் தொடரின் கைக்கு மாறி, 2007 டிசம்பரில் மூடப்பட்டது. வட்டே இல்லாததால் குப்பை இல்லை. ஆனால் பெட்டிக்கு 199 டாலர் கொடுத்தவர்களின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

சரி, 1998-இன் இறுதியில் ஓர் அமெரிக்க நகரத்துக் குடும்பம் எதைத் தேர்ந்திருக்க வேண்டும்? சாதாரண டிவிடி கருவியும், அருகிலுள்ள வாடகைக் கடையும்தான் என்று தயக்கமின்றிச் சொல்வேன். பிடித்த படத்தை மட்டும் விலைக்கு வாங்கிக்கொண்டால், அது யாருடைய அனுமதியுமின்றி ஓடும். கடை தொலைவிலுள்ள கிராமப்புறக் குடும்பத்துக்கு டிவ்எக்ஸ் உண்மையிலேயே பொருத்தமாக இருந்திருக்கும். நகரத்துக்குப் போகும்போது பத்து வட்டுகளை வாங்கி வந்து, தோன்றும்போது ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இந்த ஒரு பிரிவினருக்காகவாவது அது பிழைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் அதே 1998 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் தபாலில் டிவிடி வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தது. மறு ஆண்டே மாதச் சந்தா முறைக்கு மாறி, கெடு தேதி, தாமதக் கட்டணம் இரண்டையும் ஒழித்தது. வட்டை உறையிலிட்டு வீட்டு வாசலிலுள்ள தபால் பெட்டியில் போட்டால் போதும். திருப்பிக் கொடுக்கும் தொல்லையைத் தீர்ப்பதற்குப் பூட்டே தேவையில்லை என்று அது காட்டிவிட்டது. 2003-இல் ஃபிளெக்ஸ்பிளேக்கும் அதே கதிதான். மெக்டொனால்ட்ஸ் 2002-இல் தொடங்கிய ரெட்பாக்ஸ் இயந்திரங்கள் ஓர் இரவுக்கு ஒரு டாலருக்கு டிவிடி கொடுக்கும்போது, கருத்துப்போகும் வட்டுக்கு ஐந்து டாலர் கொடுக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

இன்றைய தீர்மானத்துக்கு வருவோம். 2008 ஜனவரியில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் இணையக் கடையில் திரைப்பட வாடகையை அறிமுகப்படுத்தியபோது வைத்த விதி இது: எடுத்த 30 நாட்களுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும், தொடங்கியபின் 24 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். பின்னர் பல சேவைகளில் இது 48 மணி நேரமாக நிலைபெற்றது. இது டிவ்எக்ஸின் அதே ஏற்பாடுதான்; முதல் நொடியில் ஓடத் தொடங்கும் கெடுவும் தொலைவிலுள்ள சாவியும் அப்படியே இருக்கின்றன. அன்று தோற்றது இன்று வென்றதற்குக் காரணம், தனிக் கருவியும் வட்டும் கழன்றுகொண்டதுதான். நிறுவனம் மூடிவிட்டால் வாடகைதாரர் இழப்பது அதிகபட்சம் ஒரு படத்தின் வாடகை. அந்த அளவு இடரை யாரும் தாங்கலாம். ஆகவே ஒரு முறை பார்க்கும் படத்துக்கு ‘வாடகைக்கு எடு’ என்பதை அழுத்துவதில் எனக்குத் தயக்கமில்லை. தொடங்கும் முன்பு தொடர்ச்சியாக உட்கார நேரமிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் எச்சரிக்கை அடுத்த பொத்தானைப் பற்றியது. இணையக் கடையில் ‘வாங்கு’ என்று இருப்பது பெரும்பாலும் டிவ்எக்ஸின் சில்வருக்குத்தான் நெருங்கியது. கணக்கும் சேவையும் இருக்கும்வரை பார்க்கலாம் என்பதே அதன் பொருள். ஹாலிவுட் நிறுவனங்கள் பலவும் சேர்ந்து 2011-இல் தொடங்கிய அல்ட்ராவயலட் என்ற டிஜிட்டல் படப் பெட்டகம் 2019 ஜூலை 31 அன்று மூடப்பட்டபோது, அதில் படம் சேர்த்து வைத்திருந்தவர்கள் முன்கூட்டியே தம் சேகரிப்பை வேறு கடைகளோடு இணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வாடகையைவிட நான்கைந்து மடங்கு கொடுத்து அப்படி ஒரு படத்தை ‘வாங்க’ நினைப்பவர், அதே படம் டிவிடியாகவோ புளூ-ரேயாகவோ கிடைக்கிறதா என்று முதலில் தேடிப் பார்க்க வேண்டும். கிடைத்தால் அதையே வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால், பதிவிறக்கம் செய்து தன் கையில் வைத்துக்கொள்ளவும், வேறு கடைக்கு மாற்றிக்கொள்ளவும் அந்தச் சேவை அனுமதிக்கிறதா என்று அதன் விதிகளைப் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், வேண்டும்போதெல்லாம் வாடகைக்கு எடுத்துக்கொள்வதே மேல். ஒரே படத்தை நான்கு முறைக்கு மேல் பார்க்கும் வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதை அவரவர் கணக்கிட்டுக்கொள்ளலாம்.